முனியய்யா முயல் பரீட்சையில் தேறிய வரலாறு

ஆடு புல் தின்கிறது என்பதை அரசாங்கம் 1994ஆம் வருஷம் கண்டுபிடித்தது. புல் மட்டுமல்ல, இலை, தழை, கருவேலங்காய், கொடியில் காயப்போட்ட துணி, சுவரில் ஒட்டிய அறிவிப்பு எல்லாவற்றையும் தின்கிறது என்று ஒரு குழு ஆறு மாசம் ஆராய்ந்து அறிக்கை கொடுத்தது. ராமநாதபுரம் சீமையில் மழை இல்லாததற்குக் காரணம் மரம் இல்லாதது. மரம் இல்லாததற்குக் காரணம் ஆடு. ஆகவே மழை இல்லாததற்குக் காரணம் ஆடு வளர்ப்பவர்கள் என்று கடைசிப் பக்கத்தில் கண்டிருந்தது. மேகத்தை விசாரித்ததாகத் தெரியவில்லை.

குற்றவாளிகளைத் தண்டிக்க வேண்டாம், திருத்துவோம் என்று பெருந்தன்மையோடு முடிவாயிற்று. ஆடு வளர்க்கும் விவசாயிகளுக்குக் கல்வி புகட்டி, அவர்களை முயல் வளர்க்கும் விவசாயிகளாக மாற்றுவதற்கென்று உச்சிப்புளியில் ஓர் உரக்கடை மாடியில் ‘மாற்றுக் கால்நடைத் தனி அலுவலகம்’ திறந்தார்கள். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு முயல் படம், குருநாதன் என்ற தனி அலுவலர். முயல் மட்டும் வரவில்லை. மலைப்பிரதேசத்துப் பண்ணை ஒன்றிலிருந்து அது வந்துகொண்டிருப்பதாகக் கோப்பில் இருந்தது. முயல் வேகமாக ஓடும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தது பொய் என்று மூன்று வருஷத்தில் எல்லாருக்கும் தெரிந்துபோயிற்று.

இந்தக் கல்வியில் மாட்டிக்கொண்டவர்களில் ஒருவன் ஆவாரேந்தல் வேல்சாமி. நாற்பத்தைந்து வயது. மூன்று ஏக்கர் புஞ்சை. மிளகாய் போட்டால் மூன்று வருஷத்துக்கு ஒரு தரம் வீடு வந்து சேரும். மற்ற இரண்டு வருஷமும் அவனையும் அவன் பெண்டாட்டி முருகேஸ்வரியையும் காப்பாற்றியது பத்தொன்பது வெள்ளாடு. மகளைக் கட்டிக்கொடுத்தது ஆடு. வீட்டுக்கு ஓடு போட்டது ஆடு. முருகேஸ்வரிக்கு வயிற்றில் கட்டி வந்தபோது மதுரைக்குக் கூட்டிப்போய் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்ததும் ஆடுதான். அதனால் அவள் ஆட்டை ஆடு என்று சொல்லமாட்டாள், “பிள்ளைக” என்பாள். அந்தப் பத்தொன்பதும் போனால் புருஷனும் பெண்டாட்டியும் பஞ்சம் பிழைக்கத் திருப்பூருக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

ஆவாரேந்தல் கண்மாயில் வருஷத்தில் இரண்டு மாசம் தண்ணீர் நிற்கும். மிச்சப் பத்து மாசமும் சீமைக்கருவேல் நிற்கும். அதன் காய்தான் ஆட்டுக்குச் சோறு. இனிமேல் கண்மாய்க்குள் ஆடு விடுகிறவர்கள் ‘மாறுநிலை விவசாயி’ என்று பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று உத்தரவு வந்தது. மாறுநிலை விவசாயி என்றால் ஆட்டிலிருந்து முயலுக்கு மாறிக்கொண்டிருப்பவன். மாறச் சம்மதிக்காதவன் ஆடு கண்மாய்க்குள் போகக் கூடாது. பயிற்சி முடிந்து, பரீட்சையில் தேறி, முழுக்க மாறிவிட்டவனோ முப்பது நாளில் ஆட்டையெல்லாம் கழித்துவிட வேண்டும். அதன் பிறகு ஆடு வைத்திருக்கவோ பெறவோ கூடாது. ஆக, ஆடு வளர்க்க ஆசைப்படுகிறவனுக்கு ஒரே வழிதான் இருந்தது. சாகிறவரைக்கும் மாறிக்கொண்டே இருக்க வேண்டும், மாறிவிடக் கூடாது.

ஆறு மாசம் ஆராய்ந்தவர்களுக்குப் புரியாத இந்த விஷயம் ஆவாரேந்தலுக்கு ஒரே சாயங்காலத்தில் புரிந்துவிட்டது. எழுபது குடும்பமும் பதிவு செய்துகொண்டன. குருநாதன் மாசம் ஒரு தரம் வந்து, கண்மாய்க்கரையில் முயல் படத்தைக் கருவேல மரத்தில் மாட்டி வகுப்பெடுப்பார். உச்சிப்புளிக் கடற்படைத் தளத்து விமானம் தலைக்குமேல் தாழப் பறக்கும்போது பாடம் நிற்கும். அது போனதும் எந்த இடத்தில் விட்டோம் என்று அவருக்கும் தெரியாது, கேட்டவர்களுக்கும் தெரியாது. வருஷக் கடைசியில் வாய்மொழிப் பரீட்சை. பத்துக் கேள்வி, ஐந்து சரியாயிருந்தால் தேர்ச்சி. எழுபது பேரும் வரிசையாக வந்து பத்துத் தரம் “தெரியாதுங்கய்யா” என்று சொல்லி மனநிறைவோடு தோற்றுப்போவார்கள்.

குருநாதனுக்கும் இதில் மனக்குறை இல்லை. மாறிக்கொண்டிருப்பவர்கள் இருக்கிறவரைக்கும்தான் அவர் அலுவலகம் இருக்கும். எல்லாரும் மாறிவிட்டால் அவருக்கும் பெட்டி கட்டுகிற வேலைதான் மிஞ்சும்.

“ஒங்களை மாதிரி மக்கு ஊரு இந்த மாவட்டத்துலயே கெடையாதுப்பா” என்று ஊர்க்காரர்களிடம் வாஞ்சையோடு சொல்வார்.

“எல்லாம் ஐயா சொல்லிக்குடுத்ததுதான்” என்பான் வேல்சாமி.

மூன்றாம் வருஷம் கேடு வந்தது. எழுபதுக்கு எழுபதும் தோற்பது எப்படி என்று தலைமையகத்தில் யாருக்கோ சந்தேகம் தட்டிவிட்டது. நாகலெட்சுமி என்ற அம்மாளைத் தேர்வாளராக அனுப்பினார்கள். கூடவே ஒரு சுற்றறிக்கையும் வந்தது. ‘தெரியாது என்பது பதிலாகக் கருதப்படமாட்டாது. ஒவ்வொரு வினாவுக்கும் ஏதேனும் ஒரு விடை கூறாத விவசாயியின் பதிவு ரத்து செய்யப்படும்.’

பரீட்சைக்குக் கிளம்புகிறபோது முருகேஸ்வரி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

“ஒங்களுக்குத்தான் நாக்கு நிக்காதே. ஆடு மாடு கோழின்னு எவன் எதைக் கேட்டாலும் உள்ளதை ஒடைச்சுச் சொல்லிப்புடுவீக. பாஸாகிட்டு இங்கன வந்தீக, நான் பிள்ளைகளோட எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன்.”

“போடி கிறுக்கி. ஒலகத்துல எவனும் சொல்லாத கூறுகெட்ட பதிலாச் சொல்லிட்டு வாரேன் பாரு” என்று வேல்சாமி துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனான்.

நாகலெட்சுமி அம்மாள் மேஜையில் ஒரு கையேட்டை விரித்து வைத்திருந்தார். முதல் கேள்வி: “முயல் கூண்டை எப்படிப்பட்ட இடத்தில் வைக்க வேண்டும்?”

நல்ல வேப்பமர நிழலில் என்று சொல்ல வேல்சாமிக்கு வாய் துறுதுறுத்தது. அதைக் கஷ்டப்பட்டு விழுங்கிவிட்டு, “காலையில இருந்து பொழுது சாயுறவரைக்கும் வெயில் விழுகணும்மா. அப்படி எடத்துல வைக்கணும்” என்றான்.

அம்மாள் கையேட்டைப் பார்த்தார். “சரி.”

வேல்சாமிக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பு போதவில்லை போல என்று நினைத்துக்கொண்டான்.

“கோடைக்காலத்தில் முயலுக்கு வரக்கூடிய பெரிய ஆபத்து எது?”

“பனிம்மா.”

“உறைபனி. சரி. கோடை இரவுகளில் அதற்கு என்ன ஏற்பாடு செய்யலாம்?”

சித்திரை மாசத்து ராத்திரியில் ஆவாரேந்தலில் மனுஷனே சட்டையைக் கழற்றிவிட்டு முற்றத்தில் புரண்டுகொண்டிருப்பான். “கூண்டுக்குள்ள நெருப்பு மூட்டி, சாக்கை வச்சு மூடிப்புடணும்மா” என்று சொல்லிவிட்டு வேல்சாமி நிம்மதியாக மூச்சு விட்டான்.

“கணப்பு, சாக்குப் படுதா. மிகச் சரி.”

அந்தக் கையேடு மலைமேல் ஒருவர் கம்பளி போர்த்திக்கொண்டு எழுதியது என்பது வேல்சாமிக்கு எப்படித் தெரியும்? அவன் பாவம், இன்னும் இன்னும் கிறுக்காக யோசித்தான். முட்டைக்கோசை ஆவாரேந்தல்காரர்கள் கண்ணால் கண்டது கல்யாணப் பந்தியில்தான். தீனிக்கு முட்டைக்கோசு என்றான், அதுவும் சரியாயிற்று. அம்மாளுக்குப் பின்னால் நின்ற குருநாதன் கண்ணை உருட்டி, தலையை ஆட்டி, என்னென்னமோ ஜாடை காட்டினார். வேல்சாமிக்கு ஒன்றும் விளங்கவில்லை.

ஐந்தாவது கேள்வி: “முயலுக்கு நோய் கண்டால் முதலில் செய்ய வேண்டியது என்ன?”

ஓர் உயிர் கிடந்து துடிக்கும்போது எந்தப் பைத்தியக்காரனும் செய்யாத காரியம் எது என்று வேல்சாமி ஒரு நிமிஷம் தேடினான். “மனு எழுதணும்மா. மூணு நகல் எடுத்து, கையெழுத்துப் போட்டு.”

“இரண்டு நகல் போதும்” என்றார் அம்மாள் சந்தோஷமாக. “ஐந்தும் சரி. தேறிவிட்டீர்கள்.”

அப்போதுதான் வேல்சாமிக்கு உறைத்தது. பாக்கி ஐந்து கேள்விக்கும் அரக்கப்பரக்க உண்மையைச் சொன்னான். ஐந்தும் தப்பு. ஆனால் அதற்குள் காரியம் கைமீறிவிட்டது. அவனைப் பார்த்து உஷாரான மற்ற அறுபத்தொன்பது பேரும் உண்மையைச் சொல்லித் தோற்றுத் தப்பித்துக்கொண்டார்கள்.

மாவட்டத்தின் முதல் முழுமாறிய விவசாயி என்று பொன்னாடை போர்த்தி ஒரு கேடயம் கொடுத்தார்கள். அதைத் தூக்கிக்கொண்டு அவன் வீட்டுக்கு வந்தபோது முருகேஸ்வரி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“இதுக்குத் தழை கட்டணுமா, தண்ணி மட்டும் காட்டுனாப் போதுமா?”

வேல்சாமி தொழுவத்துக்குப் போய் ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதான். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை குலுங்கிக் குலுங்கி அழுததைப் பார்த்த பிறகு முருகேஸ்வரி அண்ணன் வீட்டுப் பேச்சை எடுக்கவே இல்லை.

இருபத்தொன்பது நாள் ஓடிப்போயிற்று. மறுநாள் விடிந்ததும் அவள் ஒரு சேலையை மஞ்சளில் முக்கிப் பத்தொன்பது துண்டாகக் கிழித்தாள். ஆடுகளைக் கண்மாய்க்கரை முனியய்யா கோயிலுக்கு ஓட்டிக்கொண்டு போய், ஒவ்வொன்றின் கழுத்திலும் ஒரு துண்டைக் கட்டி, “அய்யா, இதுக இனி ஒன்னோட பிள்ளைக” என்று சொல்லிக் கும்பிட்டு விழுந்தாள். முனியய்யாவுக்கு நேர்ந்துவிட்ட ஆட்டை யாரும் விற்க முடியாது, கட்டிப்போட முடியாது, எவன் வெள்ளாமையில் விழுந்தாலும் ஒரு அடி அடிக்க முடியாது. என்றைக்காவது சாமிக்குப் படையல் போடும்போதுதான் அதை வெட்டலாம். படையலை எத்தனை வருஷம் தள்ளிப்போட்டாலும் சாமி பொறுத்துக்கொள்ளும். அரசாங்கத்துக்கு அந்தப் பொறுமை கிடையாது என்பதுதான் முருகேஸ்வரியின் கணக்கு.

அன்று மத்தியானம் குருநாதன் பதிவேட்டோடு வந்தார்.

“ஆட்டையெல்லாம் கழிச்சாச்சா?”

“இப்ப அதுக எங்களுது இல்லைங்கய்யா. முனியய்யாவுது.”

“முனியய்யாவா? எந்தத் தெரு?”

“கண்மாய்க்கரைங்கய்யா. வெளிய எங்கயும் போறதில்லை.”

குருநாதன் போய்ப் பார்த்தார். பன்னிரண்டடி உயரம், முறுக்கு மீசை, கையில் வீச்சரிவாள். செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்று பதிவேட்டில் எழுதினார். உரிமையாளர் பெயர்: முனியய்யா. தொழில்: காவல். கல்வித் தகுதி: தெரியவில்லை. ஆட்டுக்காரர் யாராக இருந்தாலும் கண்மாயில் மேய்க்க மாறுநிலை விவசாயியாகப் பதிய வேண்டும் என்பது விதி. விதியில் சாமிக்கு விலக்கு இல்லை. ஆகவே அன்றைக்கே முனியய்யா மாறுநிலை விவசாயி ஆனார். பயிற்சிக்கான அழைப்பாணையைக் கோயில் சுவரில் ஒட்டினார்கள். வகுப்பு நடந்ததும் அதே கரையில்தான் என்பதால், ஊரிலேயே ஒரு வகுப்பு விடாமல் வந்த ஒரே விவசாயி என்று அவர் வருகைப் பதிவில் பெயரெடுத்தார்.

வருஷம் முடிந்து பரீட்சை வந்தது. இந்தத் தடவை நாகலெட்சுமி அம்மாளுக்கு வேறு மாவட்டம். கேள்வி கேட்பவர் குருநாதன்தான். முனியய்யாவுக்காக அருள் வந்து ஆடுகிறவர் ராக்கப்பன். வேல்சாமி அவரைத் தனியாகக் கூட்டிப்போனான்.

“மாமா, சாமி தோத்தாத்தான் ஆடு தங்கும். சாமியை உண்மையை மட்டும் சொல்லச் சொல்லுங்க. நான் அனுபவப்பட்டவன், உண்மையைச் சொன்னா நிச்சயம் பெயிலுதான்.”

“சாமிக்குப் பொய் சொல்லத் தெரியாதுப்பா, கவலைப்படாத” என்றார் ராக்கப்பன்.

கொட்டு முழங்க அருள் வந்தது. ராக்கப்பன் அரிவாளைத் தூக்கிக்கொண்டு துள்ளினார். குருநாதன் கையேட்டைப் பிரித்தார்.

“சாமி, முயல் கூண்டை எப்படிப்பட்ட எடத்துல வைக்கணும்?”

“நெழல்ல வையிலே!”

கையேட்டில் வெயில் என்று இருந்தது. குருநாதன் கையேட்டைப் பார்த்தார், அரிவாளைப் பார்த்தார். “சரிங்க சாமி” என்றார்.

“கோடையில பெரிய ஆபத்து?”

“வெயிலுதாம்லே! வேற என்ன மயிரு ஆபத்து இந்த ஊருல?”

“சரிங்க சாமி.”

வேல்சாமிக்குப் பதறிவிட்டது. “ஐயா, புஸ்தகத்தைப் பாத்துச் சொல்லுங்கய்யா! அது தப்புங்கய்யா!”

ராக்கப்பன் சுழன்று திரும்பினார். “எவன்லே எம் பேச்சைத் தப்புங்கிறவன்?”

குருநாதன் வேல்சாமியின் காதோடு சொன்னார்: “வேல்சாமி, எனக்கு ரெண்டு பொம்பளைப் பிள்ளைக இருக்கு. சாமியைப் பெயிலாக்கிட்டு நான் எந்த ஊருல போயிக் குடியிருக்க?”

முனியய்யா பத்துக்குப் பத்து வாங்கித் தேறினார். சான்றிதழைக் கண்ணாடி போட்டுக் கோயிலில் மாட்டினார்கள்.

சாமி மாறிவிட்டால் சாமியும் முப்பது நாளில் ஆட்டைக் கழிக்க வேண்டும். சாமி ஆட்டைக் கழிப்பது எப்படி என்று ஊருக்குத் தெரியும். பெண்கள் அம்மி கழுவி மசாலா அரைக்கத் தயாரானார்கள். பத்தொன்பது ஆட்டுக் கறியை நினைத்து வீட்டுக்கு வீடு உலை வைத்தார்கள். முருகேஸ்வரி மட்டும் அன்னம் தண்ணீர் இல்லாமல் படுத்துக்கொண்டாள். படையலுக்கு அழைக்கப்பட்டு இலை முன்னால் உட்கார்ந்திருந்த குருநாதன்தான், பழக்கதோஷத்தில் விதிப் புத்தகத்தை ஒரு புரட்டுப் புரட்டிவிட்டு விரலை உயர்த்தினார்.

“நிறுத்துங்கப்பா. மாறிய பயனாளி ஆடு வச்சிருக்கவோ பெறவோ கூடாதுன்னு இருக்கு. படையல்னா என்ன? சாமி ஆட்டைப் பெறுறது. அதுக்கு இடமில்லை.”

“அப்ப வித்துறலாமா?” என்று வாயூறிப்போன கூட்டத்தில் யாரோ கேட்டார்கள்.

“விக்கிறதுக்கு உரிமையாளர் கையெழுத்து வேணும். அவரு போடுவாரா?”

கடைசியில் அவர் பதிவேட்டை எடுத்து, பத்தொன்பது ஆட்டையும் சிவப்பு மையால் அடித்து, ‘கழிக்கப்பட்டன’ என்று எழுதினார். அந்த நிமிஷம் முதல் அவை யாருடைய ஆடும் இல்லை. உரிமையாளர் இல்லாத ஆடு கண்மாயில் மேய்ந்தால் கேட்பதற்கு எந்த விதியும் இல்லை. வேல்சாமிக்குத் தலைகால் புரியவில்லை. பிள்ளைகள் உயிரோடு இருக்கின்றன, கண்மாயும் இருக்கிறது, பரீட்சை ஒழிந்தது! படுத்திருந்த முருகேஸ்வரி எழுந்து குழம்பு வைத்தாள்.

இந்த அதிசயத்தைப் பார்த்த மற்ற அறுபத்தொன்பது வீட்டிலும் மறுநாளே மஞ்சள் அரைத்தார்கள். ஒரே வாரத்தில் ஊரில் இருந்த நானூற்றுச் சொச்சம் ஆடும் முனியய்யாவுக்கு நேர்ந்துவிடப்பட்டன. கொடுத்தவனுக்கு இனி அவை இல்லை, சாமிதான் பெறக் கூடாதே. எல்லாவற்றையும் குருநாதன் வரிசையாக அடித்துத் தள்ளினார். ஆவாரேந்தல் ‘ஆடில்லா முன்மாதிரிக் கிராமம்’ ஆயிற்று. அதைப் பார்த்துப் பாடம் படிக்க மற்ற ஊர் விவசாயிகளை பஸ்ஸில் கூட்டிவந்தார்கள். அந்தக் கல்விச் சுற்றுலாவை நடத்தவே குருநாதனின் அலுவலகம் நிரந்தரமாக்கப்பட்டது. பஸ் ஊருக்குள் நுழைய ஒரு மணி நேரம் ஆகும். ரோடு முழுக்க ஆடு படுத்திருக்கும்.

அந்த ஐப்பசியில் மழை பெய்தது. மிளகாய் பச்சைப் பசேலென்று வந்தது. யாரும் கட்டாத, யாரும் அடிக்காத ஆடுகள் ஒரு பயிர் மிச்சம் வைக்கவில்லை. வேல்சாமி தன் வரப்பில் நின்று, தான் கையால் வளர்த்த ஆடு தன் மிளகாயைத் தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தான். மகளுக்குத் தலைப்பிரசவம் வந்தது. செலவுக்கு ஒரே ஒரு குட்டியை விற்கலாம் என்றால் எவனும் நேர்ச்சை ஆட்டைத் தொடமாட்டேன் என்றான். வேல்சாமி கோயிலுக்கு ஓடினான்.

“அய்யா, ஒரே ஒரு ஆட்டை மட்டும் எங்களுக்குத் திருப்பிக் குடுங்கய்யா. நேர்ந்தது தப்புதான்.”

ராக்கப்பன் அருள் வந்து உறுமினார். “ஏலே, நான் சர்ட்டிபிகேட்டு வாங்குனவன். ஆட்டைப் பத்தி எங்கிட்டப் பேசாத. ஆபீசுல போயிக் கேளு.”

ஆபீசில் கேட்டான். இல்லாத ஆட்டைத் திருப்பிக் கொடுக்கப் படிவம் இல்லை என்றார் குருநாதன்.

வீட்டில் இருந்த வெண்கலப் பானை மூன்றும் அடகுக் கடைக்குப் போயிற்று. பிரசவம் நல்லபடியாக முடிந்தது. பேரன் பிறந்த பதினாறாம் நாள் மருமகன் வந்தான். ஞாயிற்றுக்கிழமை. மாப்பிள்ளைக்குக் கறி போடாமல் எப்படி? வேல்சாமி உச்சிப்புளிக்கு நடந்தான். காசிம் பாய் கறிக்கடை வாசலில் பெரிய வரிசை. ஆவாரேந்தல் ஊரே அங்கேதான் நின்றது. நடுவில் ராக்கப்பன், எல்லாருக்கும் முன்னால் குருநாதன்.

“சீக்கிரம் பாய்” என்றார் குருநாதன்.

“இந்தச் சுத்துவட்டாரத்துல ஒரு ஆடு கெடைக்கலையே சார். ஆந்திராவுல இருந்து லாரியில வருது. அதான் வெலையும் ஏறிப்போச்சு” என்று சொல்லிக்கொண்டே நிமிர்ந்த பாய், வரிசையைப் பார்த்துக் கத்தியை மேடையில் வைத்தார்.

வேல்சாமியின் முழங்காலில் முகத்தை உரசிக்கொண்டு ஒரு கிடா நின்றது. நல்ல கறுப்பு, கழுத்தில் வெளிறிப்போன மஞ்சள் துணி. ஊரிலிருந்து அவன் பின்னாலேயே நடந்து வந்திருந்தது. அவன் எத்தனை தரம் விரட்டியும் போகவில்லை.

“இம்புட்டு அருமையான கெடாவை வச்சுக்கிட்டா இங்கன வந்து வரிசையில நிக்கிறீக?” என்றார் பாய். “யாரு கெடா இது?”

குருநாதன் மேலே போன விமானத்தைப் பார்த்தார். ராக்கப்பன் தன் கால் பெருவிரலைப் பார்த்தார். ஆவாரேந்தல்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. கிடா அண்ணாந்து வேல்சாமியைப் பார்த்து “ம்மே” என்றது.

“என்னுது இல்லை பாய்” என்றான் வேல்சாமி. “எனக்கு ஒரு அரைக்கிலோ போடுங்க. எலும்பு கொஞ்சம் கூட இருக்கட்டும்.”